வில்மிங்டன் குவிக்ஸ்டெப்ஸ், 1884: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வில்மிங்டன் குவிக்ஸ்டெப்ஸ் என்பது எந்த அணி?

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உள்ள வில்மிங்டன் நகரத்தைச் சேர்ந்த தொழில்முறை பேஸ்பால் அணி இது. 1884ஆம் ஆண்டின் முதற்பாதியில் ஈஸ்டர்ன் லீக் என்ற சிறிய லீக்கில் எல்லோரையும் வென்றுகொண்டிருந்த இந்த அணி, அந்த ஆண்டு ஆகஸ்டில் யூனியன் அசோசியேஷன் என்ற கிளர்ச்சி லீக்கில் சேர்ந்தது. அங்கே அது ஆடியவை 18 ஆட்டங்கள். அவற்றில் 2இல் வென்று 16இல் தோற்றது. ஆகஸ்ட் 18 அன்று முதல் ஆட்டம் ஆடிய அணி, செப்டம்பர் நடுவில் கலைந்துவிட்டது.

இன்றைய பதிவேடுகள் யூனியன் அசோசியேஷனை மேஜர் லீக்காக, அதாவது உச்சநிலை லீக்காக, கணக்கில் எடுத்துக்கொள்வதால், மேஜர் லீக் வரலாற்றின் மிகக் குறைந்த வெற்றி விகிதம் (.111) இந்த அணியின் பெயரில் பதிவாகியிருக்கிறது. அந்த ஓர் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் இதை மோசமான அணி என்று எண்ணிவிடுகிறார்கள். அது சரியன்று என்பதற்கான காரணங்கள் கீழே வரும் பதில்களில் உள்ளன.

யூனியன் அசோசியேஷனைக் கிளர்ச்சி லீக் என்று ஏன் சொல்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ள, அன்றைய வீரர்களைக் கட்டிப்போட்டிருந்த தக்கவைப்பு விதியை முதலில் அறிய வேண்டும். 1879ஆம் ஆண்டு இறுதியில் அன்றைய முதன்மை லீக்கான நேஷனல் லீக்கின் அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வோர் அணியும் தன் வீரர்களில் ஐந்து பேரைக் குறித்துக் கொடுக்கும். அந்த ஐவரோடு வேறெந்த அணியும் பேச்சு நடத்தாது. வீரரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும், அடுத்த ஆண்டும் அவர் அதே அணிக்கு, அந்த அணி தரும் சம்பளத்துக்கே ஆட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பேஸ்பாலையே விட்டுவிட வேண்டியதுதான். 1883இல் நேஷனல் லீக்கும், அதன் போட்டியாளராக இருந்த அமெரிக்கன் அசோசியேஷனும், நார்த்வெஸ்டர்ன் லீக்கும் ஒன்றுகூடித் தேசிய ஒப்பந்தம் என்ற பெயரில் கையெழுத்திட்டபோது, இப்படித் தக்கவைத்துக்கொள்ளக்கூடிய வீரர்களின் எண்ணிக்கை 11 ஆக உயர்ந்தது. ஓர் அணியில் ஆடுவோர் பெரும்பாலும் அதற்கு மேல் இருக்கமாட்டார்கள் என்பதால், நடைமுறையில் ஏறக்குறைய எல்லா வீரர்களும் அந்த விதிக்குள் வந்துவிட்டார்கள்.

1883 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய சிலர் தொடங்கிய யூனியன் அசோசியேஷன், இந்தத் தக்கவைப்பு விதியை ஏற்கமாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்தது. ஒப்பந்தம் இருக்கும் வீரரைத் தொடமாட்டோம், ஒப்பந்தம் முடிந்த வீரர் சுதந்திரமானவர் என்பது அதன் தொடக்க நிலைப்பாடு. தேசிய ஒப்பந்தத்துக்கு வெளியே நின்ற காரணத்தால் அது அங்கீகாரமற்ற லீக் ஆயிற்று. தக்கவைக்கப்பட்ட வீரர் எவராவது அங்கே போனால் அவர் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும், பழைய லீக்குகளில் இனி அவருக்கு இடமில்லை என்று மற்ற லீக்குகள் தீர்மானம் போட்டு மிரட்டின. எள்ளலாக அதை 'ஆனியன் லீக்' என்றும் அழைத்தார்கள். ஆனால் அந்த லீக் எந்த நாட்டுச் சட்டத்தையும் மீறவில்லை. உரிமையாளர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட விதியைத்தான் அது மீறியது.

அந்த லீக்கின் பின்னால் இருந்தவர் யார்?

செயின்ட் லூயிஸ் நகரத்தின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்த ஹென்றி லூகஸ். லீக்கின் தலைவர் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பேஸ்பால் மீது அளவற்ற பற்றுக் கொண்டவர். தக்கவைப்பு விதி வீரர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்பதில் உண்மையாகவே நம்பிக்கை வைத்திருந்தவர். தம் ஊரில் ஏறத்தாழ 10,000 பேர் அமரக்கூடிய மைதானத்தைக் கட்டி, செயின்ட் லூயிஸ் மரூன்ஸ் என்ற அணியையும் உருவாக்கினார். கிளீவ்லாந்து அணியின் சிறந்த வீரரான ஃப்ரெட் டன்லப்பைப் பெரும் சம்பளம் கொடுத்து அழைத்துவந்தார். அந்த ஆண்டு டன்லப்பின் பேட்டிங் சராசரி (அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் வெற்றிகரமாக அடித்தவற்றின் விகிதம்) .412.

லூகஸ் செய்த நல்லதே லீக்குக்குக் கேடாகவும் முடிந்தது. தலைவரின் சொந்த அணியிலேயே சிறந்த வீரர்கள் எல்லோரும் குவிந்ததால், மரூன்ஸ் முதல் 20 ஆட்டங்களையும் வரிசையாக வென்றது. ஆண்டு முடிவில் 94 வெற்றி, 19 தோல்வி. முதல் இடம் யாருக்கு என்பது மே மாதத்திலேயே தெரிந்துவிட்ட போட்டித் தொடருக்குக் காசு கொடுத்து யார் வருவார்கள்? மற்ற ஊர்களில் வசூல் படுத்ததற்கு இது ஒரு பெருங்காரணம்.

வில்மிங்டன் எப்படிப்பட்ட ஊர்?

பிலடெல்ஃபியாவுக்கும் பால்டிமோருக்கும் இடையே செல்லும் ரயில் பாதையில், கிறிஸ்டினா, பிராண்டிவைன் ஆறுகள் சேரும் இடத்தில் அமைந்த தொழில் நகரம். கப்பல் கட்டுமிடங்கள், ரயில் பெட்டித் தொழிற்சாலைகள், தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்தது. பக்கத்திலேயே டூபாண்ட் குடும்பத்தின் வெடிமருந்து ஆலைகள் இருந்தன. 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 42,000 பேர் வாழ்ந்தார்கள். உழைப்பாளிகளின் ஊர், வாரத்தில் ஆறு நாளும் வேலை. பிற்பகலில் தொடங்கி வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடும் ஆட்டத்தை வேலைநாளில் பார்க்க வரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே இந்த அணியின் வசூலை மதிப்பிட வேண்டும்.

ஈஸ்டர்ன் லீக்கில் இந்த அணி உண்மையிலேயே அவ்வளவு சிறந்ததாக இருந்ததா?

ஆம். 1884இல்தான் தொடங்கப்பட்ட அந்த லீக்கில், ஆகஸ்ட் மாதத்துக்குள் அவர்கள் ஏறத்தாழ 50 ஆட்டங்களில் வென்று 12இல் மட்டுமே தோற்றிருந்தார்கள். அதாவது ஐந்து ஆட்டம் ஆடினால் நான்கில் வெற்றி. இரண்டாம் இடத்தில் இருந்த அணி எட்டிப்பிடிக்க முடியாத தூரத்தில் இருந்தது. குவிக்ஸ்டெப்ஸ் வெளியேறிய பிறகு அந்தக் கோப்பை டிரென்டன் அணிக்குப் போனது.

அணியில் இருந்தவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். அடித்து ஆடுவதில் வலிமை மிக்க இளைஞர் 'ஆய்ஸ்டர்' பர்ன்ஸ். நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனிலிருந்து வந்த கேசி சகோதரர்கள், அவர்களில் டென்னிஸ் வெளிக்களத்தில் நின்று ஆடுபவர், தம்பி டான் இடக்கைப் பந்து எறிவாளர். பந்து பிடிக்கும் ஆண்டி குசிக். நடுக்களத்தில் சார்லி பாஸ்டியன். தலைமைப் பந்து எறிவாளராக எட்வர்ட் நோலன். இவர்களில் பலர் பின்னாளில் பெரிய லீக்குகளில் ஆண்டுக்கணக்கில் ஆடியவர்கள்.

முதல் இடத்தில் இருந்த அணி லீக் மாற வேண்டிய தேவை என்ன?

வென்றுகொண்டே இருந்ததுதான் அவர்களுக்குச் சிக்கலாயிற்று. முடிவு முன்பே தெரிந்த போட்டிக்குக் கூட்டம் வருவதில்லை. செயின்ட் லூயிஸில் லூகஸின் அணி மற்ற ஊர்களுக்குச் செய்ததை, ஈஸ்டர்ன் லீக்கில் குவிக்ஸ்டெப்ஸ் தன் சொந்த ஊருக்கே செய்துவிட்டது. நுழைவுச்சீட்டுப் பணத்தில் சம்பளம் கொடுப்பது கடினமாகிக்கொண்டே வந்தது என்பதே மாற்றத்துக்கான முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அதே நேரத்தில் யூனியன் அசோசியேஷனுக்கும் ஓர் அணி தேவைப்பட்டது. அதன் பிலடெல்ஃபியா அணியான கீஸ்டோன்ஸ், 21 வெற்றி 46 தோல்வி என்ற நிலையில் ஆகஸ்ட் தொடக்கத்தில் கலைந்துவிட்டது. கிழக்குப் பக்கம் பயணம் வரும் அணிகள் பால்டிமோருக்கும் பாஸ்டனுக்கும் இடையில் இறங்கி ஆட ஓர் ஊர் வேண்டும். பிலடெல்ஃபியாவிலிருந்து ரயிலில் சிறிது தூரத்தில், தயார் நிலையில், நன்றாக ஆடும் ஓர் அணி வில்மிங்டனில் இருந்தது. பெரிய ஊர் அணிகள் வந்தால் கூட்டமும் வரும் என்று வில்மிங்டன் நிர்வாகம் நம்பியது. கணக்கு இரு தரப்புக்கும் பொருந்தியதாகவே தோன்றியிருக்கும்.

முதல் ஆட்டம் எப்படி முடிந்தது?

ஆகஸ்ட் 18 அன்று வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியை அதன் ஊரிலேயே எதிர்த்து ஆடி, 4-3 என்ற கணக்கில் குவிக்ஸ்டெப்ஸ் வென்றது. அந்த ஒரு நாள் இரவில், யூனியன் அசோசியேஷனில் தோல்வியே காணாத அணி அது ஒன்றுதான். வாஷிங்டன் பலமற்ற அணிதான் (ஆண்டு முடிவில் 47 வெற்றி, 65 தோல்வி). ஆனாலும் அந்த அணி நான்கு மாதங்களாக இந்த லீக்கில் ஆடி வந்தது. முழு பலத்தோடு இறங்கிய வில்மிங்டன் அதற்கு இணையாக நின்றது என்பதை இந்த ஆட்டம் காட்டுகிறது. நான் இந்த அணியை மோசமான அணி என்று ஏற்க மறுப்பதற்கு இந்த 4-3 முதல் ஆதாரம்.

பிறகு என்ன ஆயிற்று?

வீரர்கள் போய்விட்டார்கள். ஆய்ஸ்டர் பர்ன்ஸும் டென்னிஸ் கேசியும் யூனியன் அசோசியேஷனில் குவிக்ஸ்டெப்ஸுக்காக இரண்டு ஆட்டங்கள் மட்டுமே ஆடினார்கள். உடனே அமெரிக்கன் அசோசியேஷனைச் சேர்ந்த பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி கூடுதல் சம்பளம் கொடுத்து இருவரையும் அழைத்துக்கொண்டது. ஓர் அணியின் இரு சிறந்த அடிப்பவர்கள் ஒரே வாரத்தில் போய்விட்டால் என்ன மிஞ்சும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சில வாரங்களில் குசிக்கும் நேஷனல் லீக்கின் பிலடெல்ஃபியா அணிக்குச் சென்றார்.

இந்தக் கதையில் நான் மிக முக்கியமானதாகக் கருதும் இடம் இது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஈஸ்டர்ன் லீக்கில் இருந்தவரை, வில்மிங்டன் சிறிய அணியாக இருந்தாலும் அங்கீகரிக்கப்பட்ட உலகத்தின் உள்ளே இருந்தது. அங்கே ஓர் அணியின் வீரரை இன்னோர் அணி தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு அதற்கும் காவலாக இருந்தது. யூனியன் அசோசியேஷனில் கால் வைத்த மறுகணமே அந்தக் காவல் போயிற்று. கிளர்ச்சி லீக்கின் ஒப்பந்தத்தை மதிக்க வேண்டிய கடமை தங்களுக்கு இருப்பதாகப் பழைய லீக்குகள் எண்ணவில்லை. மாறாக, அங்கிருந்து ஆளை இழுப்பதைப் போர்முறையாகவே செய்தார்கள்.

யூனியன் அசோசியேஷனும் அதையேதான் செய்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அதே ஆகஸ்ட் மாதத்தில் அதன் சின்சினாட்டி அணி, நேஷனல் லீக்கின் கிளீவ்லாந்து அணியிலிருந்து ஜாக் கிளாஸ்காக், ஜிம் மெக்கார்மிக், ஃபேட்டி பிரையோடி ஆகிய மூவரையும் ஆண்டின் நடுவிலேயே இழுத்துக்கொண்டது. ஒப்பந்தம் உள்ளவரைத் தொடமாட்டோம் என்ற தொடக்கச் சொல் அதற்குள் காற்றில் போயிருந்தது. சின்சினாட்டியைப் போன்ற பணமுள்ள அணி இந்தச் சண்டையில் ஆள் சேர்த்தது. வில்மிங்டனைப் போன்ற பணமில்லாத அணி ஆளை இழந்தது. வீரனின் சுதந்திரம் நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. பர்ன்ஸும் கேசியும் அதிகச் சம்பளத்துக்குப் போனதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் எல்லா அணிகளுக்கும் வருமானத்தில் ஓரளவாவது சமநிலை இருக்க வழி செய்யாமல், அந்தச் சுதந்திரத்தை மட்டும் அறிவித்தால், சிறிய ஊர்தான் முதலில் விழும். லூகஸ் இதை எண்ணிப் பார்த்ததற்கு அவர் நடத்திய லீக்கில் ஓர் அடையாளமும் இல்லை.

'தி ஒன்லி' நோலன் யார்?

எட்வர்ட் நோலனுக்கு 'தி ஒன்லி', அதாவது 'அவர் ஒருவரே' என்ற பட்டப்பெயர் 1870களின் இறுதியிலேயே வந்துவிட்டது. நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் வளர்ந்தவர். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கிங் கெல்லியும், மேலே சொன்ன மெக்கார்மிக்கும் அதே ஊரில் அவரோடு ஆடியவர்கள். 1878இல் இண்டியானாபொலிஸ் அணிக்காக நேஷனல் லீக்கில் பந்து எறிந்தார்; ஒழுங்கு மீறிய குற்றச்சாட்டில் அங்கிருந்து நீக்கப்பட்டார். வில்மிங்டனுக்கு வந்தபோது அவருடைய சிறந்த ஆண்டுகள் கடந்திருந்தன. ஆனாலும் ஈஸ்டர்ன் லீக் வீரர்களுக்கு அவர் பந்து போதுமான அளவு கடினமாகவே இருந்தது. குவிக்ஸ்டெப்ஸ் யூனியன் அசோசியேஷனில் பெற்ற இரண்டு வெற்றிகளில் ஒன்று நோலன் கணக்கிலும், மற்றொன்று இளைஞர் டான் கேசியின் கணக்கிலும் உள்ளன. ஆட்டத்தை விட்ட பிறகு நோலன் பேட்டர்சன் நகரக் காவல்துறையில் பணியாற்றினார்.

அந்தக் காலத்தில் பந்து எறிபவர் நின்ற தூரம் 50 அடி. இன்றைய 60 அடி 6 அங்குலம் 1893இல்தான் வந்தது. பிடிப்பவர் கையில் இன்றுபோல் பருத்த கையுறை இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால், குசிக்கைப் போல நன்றாகப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் அணியை விட்டுப் போவது எத்தகைய இழப்பு என்பது விளங்கும். பிடிப்பவர் சரியில்லை என்றால் எறிபவரால் முழு வேகத்தில் எறியவே முடியாது.

அணியின் மேலாளர் யார்?

ஜோ சிம்மன்ஸ். 1871இல், அதாவது தொழில்முறை லீக் ஆட்டம் தொடங்கிய ஆண்டிலேயே, சிகாகோ அணிக்காக ஆடியவர். 1875இல் அயோவா மாநிலத்தின் கியோகக் என்ற சிற்றூரின் வெஸ்டர்ன்ஸ் அணிக்கு மேலாளராக இருந்தார். அதுவும் குறுகிய காலமே வாழ்ந்த அணி: 1 வெற்றி, 12 தோல்வி, பிறகு கலைப்பு. ஆக, அன்றைய மேல்நிலை லீக்குகளில் மேலாளராகச் சிம்மன்ஸின் முழுக் கணக்கு 3 வெற்றி, 28 தோல்வி. ஈஸ்டர்ன் லீக்கில் ஐம்பது ஆட்டங்களை வென்ற அணியை வழிநடத்தியவரும் இவர்தான் என்பது அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

செப்டம்பர் 15 அன்று என்ன நடந்தது?

இந்த அணியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் குறிப்பிடும் நிகழ்ச்சி இது. கேன்சஸ் சிட்டி கௌபாய்ஸ் அணி வில்மிங்டனின் யூனியன் ஸ்ட்ரீட் மைதானத்துக்கு ஆட வந்திருந்தது. ஆட்டம் தொடங்கும் நேரம் வந்தது. சிம்மன்ஸ் பார்வையாளர் இருக்கைகளைப் பார்த்தார், ஒருவரும் இல்லை. தம் வீரர்களைக் களத்திலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டு, ஆட்டத்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்தார். அதோடு அணி கலைந்தது.

இது வெறும் மனச்சோர்வால் எடுத்த முடிவு அன்று. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. அன்றைய முறைப்படி, வெளியூரிலிருந்து வரும் அணிக்கு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குறிப்பிட்ட தொகையை உள்ளூர் அணி உறுதியளித்துக் கொடுக்க வேண்டும். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அது மாறாது. வாசலில் ஒரு சீட்டுகூட விற்காத நாளில் அந்தத் தொகையை எங்கிருந்து எடுப்பது? ஆடினால் நஷ்டம் கூடும், ஆடாவிட்டால் குறையும் என்ற நிலைக்கு ஓர் அணி வந்துவிட்டால், மேலாளர் செய்யக்கூடியது அதுதான்.

கலைந்த அணியின் வீரர்கள் சிலரை, அன்று எதிரே நின்ற கேன்சஸ் சிட்டியே எடுத்துக்கொண்டது. பாஸ்டியன் அங்கே போனார். பிலடெல்ஃபியா கலைந்தபின் வில்மிங்டனுக்கு வந்திருந்த பந்து எறிவாளர் ஜெர்சி பேக்லியும் அங்கே போனார். ஒரே ஆண்டில் ஒரே லீக்கின் மூன்று அணிகளுக்குப் பந்து எறிந்தவர் பேக்லி. அவற்றில் இரண்டு அவர் ஆடிய ஆண்டிலேயே கலைந்தன.

மேஜர் லீக் வரலாற்றின் மிக மோசமான அணி இதுதானா?

எண்ணிக்கைப்படி, ஆம். 18 ஆட்டங்களில் 2 வெற்றி. அணியின் மொத்த பேட்டிங் சராசரி .175. முழு ஆண்டும் ஆடிய அணிகளில் மிக மோசமான 1899ஆம் ஆண்டின் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் அணியின் வெற்றி விகிதம் (20 வெற்றி, 134 தோல்வி) .130, வில்மிங்டன் அதற்கும் கீழே.

ஆனால் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை. ஸ்பைடர்ஸ் 154 ஆட்டங்கள் ஆடித் தன் நிலையை நிரூபித்தது. வில்மிங்டனின் 18 ஆட்டங்களில் பெரும்பகுதி, முதன்மை வீரர்கள் போனபின் கிடைத்தவர்களைக் கொண்டு ஆடியவை. ஜூலையில் இருந்த குவிக்ஸ்டெப்ஸும் செப்டம்பரில் தோற்ற குவிக்ஸ்டெப்ஸும் பெயரால் மட்டுமே ஒன்று.

அந்த லீக்கில் வேறு குறுகிய கால அணிகளும் இருந்தனவா?

நிறைய. பென்சில்வேனியா ரயில்வேயின் தொழிற்கூடங்களை நம்பி உருவான அல்டூனா நகரத்தின் அணி, முதல் 11 ஆட்டங்களிலும் தோற்று, 6 வெற்றி 19 தோல்வியோடு மே இறுதியில் கலைந்தது. அந்த ஆறு வெற்றிகளில் பெரும்பாலானவற்றை ஈட்டித் தந்த பந்து எறிவாளர் ஜான் மர்ஃபி பிறகு வில்மிங்டனுக்கு வந்தார். இங்கே அவருக்கு ஒரு வெற்றிகூட அமையவில்லை. அல்டூனாவின் இடத்தில் வந்த கேன்சஸ் சிட்டி 16 வெற்றி 63 தோல்வி என்று ஆடியும் ஆண்டு முடியும்வரை தாக்குப்பிடித்தது. அந்த ஊர் மக்கள் தோற்கும் அணியையும் காசு கொடுத்துப் பார்க்க வந்தார்கள்.

சிகாகோ அணி ஆகஸ்டில் பிட்ஸ்பர்க்குக்கு இடம்பெயர்ந்து செப்டம்பரில் மறைந்தது. ஒரு கையை இழந்திருந்த ஹியூ டெய்லி, அந்தச் சிகாகோ அணிக்காக ஜூலை 7 அன்று ஒரே ஆட்டத்தில் 19 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். செப்டம்பரில் காலியான இரண்டு இடங்களுக்கு மில்வாக்கியும் செயின்ட் பாலும் வந்தன. மில்வாக்கி 12 ஆட்டங்களில் 8ஐ வென்றது. செயின்ட் பால் அணி ஒன்பது ஆட்டங்கள் ஆடியது, ஒன்றுகூடச் சொந்த ஊரில் இல்லை. மேஜர் லீக் வரலாற்றில் அப்படிப்பட்ட அணி வேறில்லை. தொடங்கிய நாளிலிருந்து இறுதிவரை நின்றவை செயின்ட் லூயிஸ், சின்சினாட்டி, பால்டிமோர், பாஸ்டன், வாஷிங்டன் ஆகிய ஐந்து மட்டுமே.

ஈஸ்டர்ன் லீக்கிலிருந்து வேறு அணியும் மேலே போனதா?

போனது; ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல எடுத்துக்காட்டு. அதே ஆகஸ்டில் ரிச்மண்ட் நகரத்தின் வர்ஜீனியா அணியும் ஈஸ்டர்ன் லீக்கை விட்டு, அமெரிக்கன் அசோசியேஷனில் கலைந்துபோன வேறொரு வாஷிங்டன் அணியின் இடத்தில் சேர்ந்தது. ஈஸ்டர்ன் லீக்கில் வில்மிங்டனுக்குக் கீழே இருந்த அணி அது. புதிய லீக்கில் 12 வெற்றி, 30 தோல்வி பெற்று ஆண்டை ஒழுங்காக முடித்தது. ரிச்மண்ட் போனது அங்கீகரிக்கப்பட்ட லீக்குக்கு. அதனால் யாரும் அதன் வீரர்களை நடுவழியில் கொண்டுபோகவில்லை. இரு அணிகளின் கதியும் வேறுபட்டதற்கு ஆட்டத்திறனைவிட இந்த வேறுபாடே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

வீரர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள்?

ஆய்ஸ்டர் பர்ன்ஸ் புரூக்ளின் அணியின் தூணாக விளங்கினார். 1889இல் அமெரிக்கன் அசோசியேஷனிலும், 1890இல் நேஷனல் லீக்கிலும் அந்த அணி முதலிடம் பெற்றபோது அவர் அதில் இருந்தார். டான் கேசி 1887இல் பிலடெல்ஃபியாவுக்காக 28 வெற்றிகளைப் பெற்றார். அடுத்த ஆண்டு வெளிவந்து அமெரிக்கா முழுதும் மேடைகளில் ஒப்பிக்கப்பட்ட 'கேசி அட் தி பேட்' என்ற புகழ்பெற்ற பேஸ்பால் கவிதையின் நாயகன் தாமே என்று முதுமையில் கூறிக்கொண்டார்; கவிஞரோ அது உண்மையான எவரையும் குறிக்கவில்லை என்று முன்பே சொல்லியிருந்தார். பாஸ்டியனும் குசிக்கும் பிலடெல்ஃபியாவில் சில ஆண்டுகள் ஆடினார்கள். மோசமான அணி என்று பெயர் பெற்ற ஒன்றிலிருந்து இத்தனை பேர் மேலே போனது தற்செயல் அன்று.

லீக்கும் தக்கவைப்பு விதியும் என்ன ஆயின?

1885 ஜனவரியில் மில்வாக்கியில் கூட்டப்பட்ட யூனியன் அசோசியேஷன் கூட்டத்துக்கு மில்வாக்கி, கேன்சஸ் சிட்டி ஆகிய இரண்டு அணிகளின் பேராளர்கள் மட்டுமே வந்தார்கள். அத்தோடு லீக் கலைந்தது. லூகஸ் தம் மரூன்ஸ் அணியை நேஷனல் லீக்கிலேயே சேர்த்துவிட்டார். தக்கவைப்பு விதியை எதிர்த்து லீக் தொடங்கியவர், அந்த விதியை ஏற்றுக்கொண்டு ஆட வேண்டியதாயிற்று. பேஸ்பாலில் அவர் செல்வத்தின் பெரும்பகுதி கரைந்தது. அவருடைய அணியும் 1887க்குள் இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டது.

விதியோ நீடித்தது. 1890இல் வீரர்களே தொடங்கிய லீக் ஓராண்டில் முடிந்தது. 1914, 1915ஆம் ஆண்டுகளில் ஃபெடரல் லீக் முயன்று தோற்றது. 1975 டிசம்பரில் ஆன்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரு பந்து எறிவாளர்களின் வழக்கில் தொழில் தகராறு நடுவர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்பினால்தான் வீரர்களுக்கு அந்தத் தளையிலிருந்து விடுதலை கிடைத்தது. லூகஸ் கேட்டது கிடைக்க 91 ஆண்டுகள் ஆயின.

யூனியன் அசோசியேஷனை மேஜர் லீக் என்று கொள்வது சரியா?

1960களின் இறுதியில் பேஸ்பால் பதிவுகளைச் சீரமைக்க அமைக்கப்பட்ட சிறப்புக் குழு அப்படி முடிவு செய்தது. அதை மறுக்கும் வரலாற்றாளர்கள் பலர். அவர்கள் வாதம் வலுவானது. அந்த லீக்கின் வீரர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்னும் பின்னும் வேறெந்தப் பெரிய லீக்கிலும் நிலைக்கவில்லை, டன்லப்பின் .412 அடுத்த ஆண்டு நேஷனல் லீக்கில் .270க்கு இறங்கிவிட்டது. மேஜர் லீக் என்று ஏற்காவிட்டால் வில்மிங்டனின் தலைமேல் உள்ள அவப்பெயரும் போய்விடும். ஆனால் டெலவேர் மாநிலத்துக்கு இருந்த ஒரே மேஜர் லீக் அணி என்ற பெருமையும் சேர்ந்தே போய்விடும்.

வில்மிங்டனில் இன்று தொழில்முறை பேஸ்பால் உண்டா?

உண்டு. வில்மிங்டன் புளூ ராக்ஸ் என்ற மைனர் லீக் அணி 1993 முதல் கிறிஸ்டினா ஆற்றங்கரைப் பகுதியில் உள்ள மைதானத்தில் ஆடி வருகிறது. அதே பெயரில் 1940 முதல் 1952 வரையிலும் ஓர் அணி இருந்தது.

பதிவேடுகளில் குவிக்ஸ்டெப்ஸைத் தேடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அணியின் 1884ஆம் ஆண்டு இரண்டாகப் பிரிந்து கிடக்கும். மேஜர் லீக் பக்கத்தில் 2-16 மட்டுமே தெரியும்; ஈஸ்டர்ன் லீக் வெற்றிகள் மைனர் லீக் பதிவுகளில் தனியாக இருக்கும். வீரர்களின் பக்கங்களில் ஒரே ஆண்டுக்கு இரண்டு மூன்று வரிகள் வரும்: பர்ன்ஸுக்கு வில்மிங்டன், பால்டிமோர், குசிக்குக்கு வில்மிங்டன், பிலடெல்ஃபியா, பேக்லிக்கு பிலடெல்ஃபியா, வில்மிங்டன், கேன்சஸ் சிட்டி. மொத்தக் கூட்டலை விட்டுவிட்டு அந்த வரிகளைத் தனித்தனியாகப் படித்தால், யார் போனார், யார் அவருக்குப் பதிலாக வந்தார் என்பது தெளிவாகத் தெரியும்.